துப்பாக்கி ‘தவறுதலாக வெடித்தது’ என்றால் என்ன அர்த்தம்?

“சுத்தம் செய்தபோது துப்பாக்கி தவறுதலாக வெடித்தது.” செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. படித்தால், துப்பாக்கியே முடிவெடுத்து வெடித்தது போல இருக்கும். கையில் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்ற கேள்வி அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

2023 டிசம்பர் 8, உத்தரப் பிரதேசம் அலிகர். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்காக ஒரு பெண் காவல் நிலையத்துக்கு வந்து நிற்கிறார். சக காவலர் கொடுத்த கைத்துப்பாக்கியை எஸ்.ஐ. ஒருவர் கையில் வாங்குகிறார். அடுத்த சில நொடிகளில் குண்டு அந்தப் பெண்ணின் தலையில் பாய்கிறது. சில நாட்களில் அவர் உயிரிழந்தார். எல்லாமே சிசிடிவியில் பதிவானது.

இதை ‘விபத்து’ என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா?

தானாக வெடிக்குமா?

மிக அரிதாக வெடிக்கும். பழைய வகை ரிவால்வர்களில் சுத்தியல் பகுதி நேராகத் தோட்டாவின் மேல் இருக்கும். கீழே விழுந்து அடிபட்டால் வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் அந்த ஒரு அறையை மட்டும் காலியாக விடும் பழக்கம் வந்தது. நவீன துப்பாக்கிகளில் இதைத் தடுக்க உள்ளேயே பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது.

2024 அக்டோபர் 1-ம் தேதி, மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் அவருடைய சொந்த ரிவால்வரின் குண்டே பாய்ந்தது. கை நழுவி விழுந்தபோது வெடித்தது என்று அவர் தரப்பு சொன்னது. தோட்டா போடாமல் வைத்திருந்தால் விழுந்தாலும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

இன்னொரு விஷயம்: துப்பாக்கி கை நழுவினால் பாய்ந்து பிடிக்கக் கூடாது. பிடிக்கிற அவசரத்தில் விரல் நேராக ட்ரிகரில் போய் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

‘காலிதானே’ என்ற நம்பிக்கை

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். மேகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சேம்பரில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கலாம். முதலில் மேகஸினைக் கழற்ற வேண்டும். பிறகு ஸ்லைடை இழுத்து, உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். கடைசியாக சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆபத்து. ஸ்லைடை முதலில் இழுத்தால், மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும்.

அடுத்தவர் பேச்சை நம்பியும் வாங்கக் கூடாது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில், உண்மைத் தோட்டா இல்லை என்று நம்பப்பட்ட துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாத சிறை விதிக்கப்பட்டது.

நான்கு விதிகள்

அமெரிக்க மரைன் படையின் முன்னாள் வீரர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகளை உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினைக்க வேண்டும்.
2. சுடக் கூடாத எதன் பக்கமும் குழல் முனை திரும்பக் கூடாது.
3. குறி வைக்கும் வரை விரல் ட்ரிகரைத் தொடக் கூடாது.
4. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விதி தவறினாலும் மற்றது காப்பாற்றும். குண்டு வெளியேறினாலும் முனை தரையைப் பார்த்திருந்தால், உயிர் போகும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

நான்காவது விதியின் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்தில் வீரர்கள் சுட்டுப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அவன் இறந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப் பிரிவு 25(9)-ன்படி, அலட்சியமாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தி மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன் கீழ் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள்.

அதே 2019 திருத்தம், உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. ஒருமுறை கற்றது ஐந்து வருஷம் கையில் நிற்குமா? உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, தோட்டாவை எப்படி வெளியே எடுப்பது என்று அதிகாரி முன்னால் செய்துகாட்டச் சொல்வதில் பெரிய செலவு எதுவும் இல்லை. சீருடையில் இருப்பவருக்கும், வங்கி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

அதோடு, செய்தியிலும் எஃப்.ஐ.ஆரிலும் ‘தவறுதலாக வெடித்தது’ என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். தோட்டா ஏன் உள்ளே இருந்தது? முனை எந்தப் பக்கம் இருந்தது? விரல் எங்கே இருந்தது? மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர்தான்.