பெயர் சூட்டுதல் விவரித்தல் ஆகாது

டால்மியாபுரம் என்னும் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரி 1953 ஜூலையில் நடந்த போராட்டம் தமிழ்நாடு அறிந்தது. ரயில் நிலையத்தின் பெயர் பின்னாளில் மாறியது. ஆனால் அவ்வூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெளிப்படும் கிரெட்டேசியஸ் படிவுகள் நிலவியல் ஏடுகளில் இன்றும் டால்மியாபுரம் அமைப்பு என்றே வழங்குகின்றன. மக்கள் திரண்டால் ஊர்ப்பெயர் மாறும். ஆய்வேட்டில் நிலைபெற்ற பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. இந்த எளிய உண்மையை மறந்துவிட்டுத்தான் புதைபடிவ டைனோஃபிளஜெல்லேட் சிஸ்டுகளுக்குப் புதிய சிற்றினப் பெயர்கள் அவசர அவசரமாகச் சூட்டப்படுகின்றன.

அந்தச் சுரங்கத்துச் சாம்பல்நிறக் களிக்கல்லின் நுண்ணுயிர்ப் படிவங்களை வகைப்படுத்தி கே. பி. ஜெயினும் தோகூர்தோ-லான்ட்ஸும் 1973-இல் 'ஜியோஃபைட்டாலஜி' இதழில் கட்டுரை வெளியிட்டனர். காவிரிப் படுகையில் இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று அது. அத்தகைய அடித்தளத்தின்மேல் எழுப்பப்படுவது என்ன என்பதே கேள்வி. ஒரு சிலைடில் தென்பட்ட சிதைந்த நான்கைந்து உறைகள், மங்கலான ஒரு படம், 'முள்கள் சற்றே நீளமானவை' என்னும் ஒரு வரி ஆகியவற்றைக் கொண்டு புதுச் சிற்றினம் படைப்பது வகைப்பாட்டியல் அன்று. வெளியீட்டுப் பட்டியலுக்கு எண் சேர்ப்பது மட்டுமே.

பெயரிடல் விதித்தொகுப்பு கேட்பது மிகக் குறைவு. 1996 முதல் புதைபடிவப் பெயருக்கு லத்தீன் அல்லது ஆங்கில விளக்கம் வேண்டும். 2001 முதல் ஹோலோடைப் மாதிரியின் படம் வேண்டும். அம்மாதிரி எந்த நிறுவனத்தில் உள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். இவற்றை நிறைவு செய்தால் பெயர் செல்லும். செல்லுபடியாவதும் தகுதியுடையதாவதும் ஒன்றல்ல. பொருத்தமற்றது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளவும் அதே விதிகள் இடம் தருவதில்லை. எனவே கவனம் பெயருக்கு முன்னரே வேண்டும்.

விவரித்தல் என்பது என்ன? சுவரின் அடுக்குகள் எத்தனை, அவை எங்கே ஒட்டி எங்கே பிரிகின்றன. உயிரி வெளியேறிய ஆர்க்கியோபைல் துளை எந்தத் தகடு கழன்றதால் உண்டாயிற்று. முள்கள் தகடுகளின் நடுவில் எழுகின்றனவா, விளிம்பில் எழுகின்றனவா. எத்தனை மாதிரிகள் அளக்கப்பட்டன, அளவின் வீச்சு என்ன. நெருங்கிய சிற்றினங்களிலிருந்து இது எதனால் வேறுபடுகிறது. இவற்றுக்கு விடை சொல்லாத கட்டுரை பெயரை மட்டுமே தருகிறது.

எரன்பெர்க் 1830-களில் தீக்கல்லில் கண்ட முள்ளுருண்டைகள் எவ்வுயிரைச் சேர்ந்தவை என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் தீராத வழக்காக இருந்தது. இடைக்காலத்தில் பெயர்கள் பெருகின, விடை பெருகவில்லை. 1961-இலும் 1963-இலும் வில்லியம் எவிட், முள்களின் வரிசையும் துளையின் இடமும் டைனோஃபிளஜெல்லேட்டின் தகட்டமைப்பையே பிரதிபலிக்கின்றன என்று காட்டினார். அவற்றுள் பலவும் சிஸ்டுகளே எனத் தெளிவாயிற்று. உறையை உற்றுநோக்கிய விவரிப்பே அந்த வழக்கைத் தீர்த்தது.

முள்ளின் நீளத்தை மட்டும் நம்புவோருக்கு உயிருள்ள சான்றும் உண்டு. லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்னும் சிஸ்டின் முள்கள் நீரின் உப்புத்தன்மைக்கேற்ப நீண்டும் குறுகியும் அமைகின்றன. ஒரே சிற்றினத்தின் வேறுபாட்டையே இரண்டு சிற்றினங்களாகப் பிரித்தால், கடலின் உப்பளவு மாறியதைப் புதிய உயிரின் வருகை என்று எழுதியவர்களாவோம்.

'பெயரிடாவிட்டால் பல்லுயிர்மை பதிவாகாது. பிழையிருந்தால் பின்வருவோர் திருத்துவர்' என்பது வழக்கமான மறுமொழி. முதற்பாதிக்கு விடை எளிது: போதிய மாதிரி இல்லாதபோது பேரினப் பெயரோடு 'சிற்றினம் அ' என்று குறித்து, முழுமையாக விவரித்து, படத்துடன் வெளியிடத் தடையேதும் இல்லை. பிற்பாதி பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. திருத்தம் வருமுன் அப்பெயர் கால எல்லை அட்டவணைகளில் ஏறிவிடும். ஆழ்துளைக் கிணறுகளின் அடுக்குகளை ஒப்பிடப் பயன்படும். வேறு நாட்டில் ஏற்கெனவே அறியப்பட்ட சிற்றினம் இங்கே புதுப்பெயர் பெற்றால், காவிரிப் படுகையின் கடல் மற்றக் கடல்களிலிருந்து தனித்திருந்தது என்னும் பொய்த்தோற்றம் பிறக்கும். கோண்டுவானா பிளந்த வரலாறே அதனால் பிழைபடும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. சிற்றினத்தின் பெயரைத் தாங்குவது சிலைடில் பதிந்த ஒரே ஓர் உறை. அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் பெரும்பாலும் குறைவு. கிளிசரின் ஜெல்லி உலர்ந்தால் அது கெடும். படிவு கிடைத்த சுரங்கமுகமோ சிமென்டுக்காக வெட்டப்பட்டு மறையும். மாதிரியும் இடமும் போனபின் எஞ்சுவது விவரிப்பு ஒன்றே.

வடகரப்பதி போன்ற பாலக்காட்டு எல்லையூர்களின் அடியில் இருப்பது தொன்மையான உருமாற்றப் பாறை. அதில் இத்தகைய சிஸ்டு கிடைக்காது. அவ்வூர் மாணவர் கல்லக்குடியின் கடலை அறிய வேண்டுமானால் அச்சிட்ட விவரிப்பையே நம்பவேண்டும். அவருக்கு ஒரு பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அறிவியலைக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் ஆய்வு வழிகாட்டிகளும் முதலில் கேட்கவேண்டியது 'எத்தனை புதுச் சிற்றினங்கள்?' என்பதன்று, 'எத்தனை மாதிரிகளைப் பார்த்தீர்கள், எவற்றோடு ஒப்பிட்டீர்கள்?' என்பதே.