இகெபானாவுக்கு மல்லிகை வேண்டாம்... கண்மாய்க் கரை போதும்!

'ஜப்பான் பூ அலங்காரமா? அதெல்லாம் காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு.' இகெபானா என்றதும் மதுரையில் பலர் சொல்வது இதுதான். உண்மையில், காசு கம்மியாக இருந்தாலும் வருடம் முழுக்கப் பழகக்கூடிய கலை அது.

இகெபானா என்றால் என்ன?

புத்தருக்குப் பூ வைக்கும் வழக்கத்திலிருந்து வளர்ந்த கலை இது. கியோட்டோவின் ரொக்ககுடோ கோயில் துறவி செங்கெய் செய்த அலங்காரத்தைப் பார்க்க மக்கள் போட்டிபோட்டதாக 1462-ம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆழமில்லாத தட்டு, தண்டைக் குத்தி நிறுத்த 'கென்ஸான்' என்ற ஊசிக் கட்டை, கொஞ்சம் தண்ணீர், மூன்று முக்கியத் தண்டுகள். எளிய முறைக்கு இவ்வளவுதான். இலையும் வெற்றிடமும்கூட அலங்காரத்தில் சேர்த்திதான். அந்தந்தப் பருவத்தில் பூப்பதை வைப்பதே அடிப்படை.

மல்லிகை ஏன் வேண்டாம்?

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், அது காம்பு நீளமில்லாமல் மொட்டாகப் பறிக்கப்படும் பூ; தொடுப்பதற்கானது. மார்கழி, தை பனியில் வரத்து குறைந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களைத் தொடும். பருவம் எதுவானாலும் அதே பூ வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

வேறு எதை வைப்பது?

பங்குனியில் வேப்பம்பூ, சித்திரையில் சரக்கொன்றை, மழைக்காலத்தில் கடம்பு, ஐப்பசியில் செங்காந்தள் (செடி முழுக்க விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கணும்), மார்கழியில் கோலத்தின் நடுவே வைக்கும் அதே பூசணிப்பூ, தையில் ஆவாரையும் சிறுபீளையும்.

'களைச்செடியைப் போய் வீட்டுக்குள்ள வைக்கிறதா?' என்று கேட்கலாம். காப்புக் கட்ட ஆவாரம்பூவும் சிறுபீளையும் வாசல்வரை வருகின்றனவே! முன்பு கண்மாய்க் கரையில் பறித்ததை இப்போது கட்டுக்கட்டாக விலைக்கு வாங்குகிறோம். கரையை மறந்துவிட்டோம். கண்ணில் படாத செடி காணாமல் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மாதம் ஒருமுறை ஒரு கிளைக்காகக் கரைப்பக்கம் போகிறவருக்குத்தான் எது குறைகிறது என்று தெரியும்.

ஹோட்டல், கல்யாண மண்டப அலங்காரங்களில் பூ குத்தும் பச்சை நிற ஃபோம் மக்காது, நுண்பிளாஸ்டிக்காக உதிரும். அதைத் தவிர்த்து, கென்ஸானோடு தொடங்குங்கள். ஒரு செடியில் ஒரு கிளை மட்டும் வெட்டுங்கள். மிச்சம் விதையாகட்டும்.