ஸ்வயம் பாடங்களில் ஊடாடும் நூல்கள்: மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

புதுதில்லி: கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துக்கான பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் படித்து, அவற்றுக்கான கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. 2016-இல் இந்த வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. வரம்பு இரு மடங்கான நிலையில், இணையவழிப் பாடநூலின் தரம் மாணவரின் பட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாகிவிட்டது.

2017 ஜூலையில் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தின் பாடங்கள் நான்கு கூறுகளைக் கொண்டவை: காணொலி விரிவுரை, மின் பாட உரை, விவாதக் களம், மதிப்பீடு. இவற்றில் அதிகம் பேசப்படுவது காணொலிதான். ஆனால் இணைய வேகம் குறைந்த ஊரில் கைப்பேசியில் படிக்கும் மாணவருக்குக் கைகொடுப்பது பாட உரையே. அது வெறும் பிடிஎஃப் கோப்பாக இல்லாமல், சொல்லைத் தொட்டால் பொருள் தருவதாகவும், விடையளித்தவுடன் பிழையை விளக்குவதாகவும் இருந்தால் ஆசிரியர் அருகில் இல்லாத குறை ஓரளவு நீங்கும்.

எண்ணிக்கையும் தரமும்

ஐந்து ஆண்டுகளில் இந்திய மொழிகளில் 22,000 நூல்களை உருவாக்கும் 'அஸ்மிதா' திட்டத்தை மானியக் குழு 2024 ஜூலையில் அறிவித்தது. பள்ளி, உயர்கல்விப் பாடநூல்களை இந்திய மொழிகளில் மின்னணு வடிவில் வழங்கும் 'பாரதிய பாஷா புஸ்தக்' திட்டம் 2025-26 பட்ஜெட்டில் இடம்பெற்றது. மொழித் தடையை நீக்குவதே இவற்றின் நோக்கம். அச்சு நூலை மொழிபெயர்த்து அப்படியே திரையில் ஏற்றுவதோடு பணி முடிந்துவிடுமா என்பதே இப்போதைய கேள்வி.

ஊடாடும் நூலில் மொழிபெயர்க்க வேண்டியவை பத்திகள் மட்டுமல்ல. குறிப்புகள், பொத்தான்கள், பிழை விளக்கங்கள் ஆகியவையும் உண்டு. தமிழுக்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'இந்தியாவின் தலைநகர் எது?' என்பதற்கு விடை 'புதுதில்லி'. 'நாடாளுமன்றம் எங்கே உள்ளது?' என்பதற்கு விடை 'புதுதில்லியில்'. ஆங்கிலத்தில் இரண்டு விடைகளுக்கும் ஒரே பெயர் போதும். அந்த அமைப்பை மாற்றாமல் தமிழுக்குக் கொண்டுவந்தால், வேற்றுமை உருபோடு சரியாக எழுதிய மாணவருக்குக் கணினி 'தவறு' என்று காட்டும்.

எழுத்துருவும் அடிப்படையானது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் உருவாக்கிய கோப்புகளில் சொல்லைத் தேட இயலாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்காக உரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் அங்கே பயன்படாது.

யார் கற்பிப்பது?

கல்லூரி ஆசிரியர்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கருப்பொருள்களில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் ஒன்று. எனினும் கருவிகளைக் கையாளுவது வேறு. ஒரு பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, மாணவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே கணித்து எழுதுவது வேறு. பின்னதைத் தாய்மொழியில் கற்பிக்கும் தனி இணையவழிப் பாடம் தேவை. பாட ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், மென்பொருளாளர் மூவரும் தொடக்கம் முதலே சேர்ந்து பணியாற்றும் முறையும் தேவை.

22,000 என்ற இலக்கை எட்டுவது நிர்வாகத்துக்கு வெற்றியாக அமையலாம். ஆனால் தமிழில் சரியாக எழுதிய விடையைப் பாடநூல் சரியென ஏற்றுக்கொள்ளும்போதுதான் மாணவருக்கு அந்த வெற்றியில் பங்கு கிடைக்கும்.