மலக்குகளும் கேட்டார்கள்

ஆதம் நபி (அலை) அவர்களின் பிள்ளைகள் யாரை மணம் முடித்தார்கள்? குர்ஆன் மத்ரசாவில் ஓதி வளர்ந்த நம்மில் இந்தக் கேள்வியை ஒரு தடவையேனும் மனதுக்குள் கேட்காதவர் குறைவு. வாய்விட்டுக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, ஈமான் போய்விடும்."

ஈமான் அவ்வளவு இலேசில் போய்விடக் கூடிய பண்டமா? கண்டிக்கு அயலிலுள்ள ஒரு கிராமத்துப் பாடசாலையில் இருபது வருடங்களாகப் படிப்பித்து வருபவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. ஈமானைக் கெடுப்பது கேள்வியல்ல. கேள்வியின் வாயை அடைப்பதற்காக நாம் கட்டிவிடும் பதில்தான் கெடுக்கிறது. பத்து வயதில் வேதவாக்காகச் சொல்லப்பட்ட ஒன்று, பதினெட்டு வயதில் வெறும் கதையென்று தெரியவரும்போது, பிள்ளை கதையை மட்டும் கைவிடுவதில்லை. அதோடு சேர்த்துச் சொல்லித் தந்தவரையும் கைவிடுகிறது.

அல்குர்ஆன் முதல் மனிதக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நிதானமாகப் பார்ப்போம். ஆதமின் துணைவியைச் சொல்கிறது. அவரது பெயரைச் சொல்லவில்லை. ஹவ்வா என்ற பெயரை ஹதீஸிலேயே காண்கிறோம். மரத்தைச் சொல்கிறது, எந்த மரமென்று சொல்லவில்லை. இறங்கிப் போங்கள் என்ற கட்டளையைச் சொல்கிறது; இறங்கிய இடத்தைச் சொல்லவில்லை. ஸூரத்துல் மாஇதாவில் ஆதமின் இரு மக்களின் செய்தி வருகிறது. ஹாபில், காபில் என்ற பெயர்கள் அங்கே இல்லை. அநியாயமாகச் சிந்தப்படும் ஒவ்வோர் இரத்தத்திலும் ஆதமின் முதல் மகனுக்கு ஒரு பங்கு உண்டென்று சொல்லும் புகாரி, முஸ்லிம் ஹதீஸிலும் அவனுக்குப் பெயரில்லை. பெண்மக்கள் பற்றியோ, யார் யாரை மணந்தார் என்பது பற்றியோ குர்ஆனில் ஒரு சொல்லும் கிடையாது.

இந்த மௌனத்தைக் கண்டு நாம் ஏன் பதறுகிறோம்? ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ பதறவில்லை. அந்த மரம் கோதுமையா, திராட்சையா, அத்தியா என்று தமக்குக் கிடைத்த அறிவிப்புக்களையெல்லாம் அடுக்கிவிட்டு, இன்ன மரமென்று அறிய நம்மிடம் ஆதாரம் இல்லை, அறிந்தால் பயனுமில்லை, அறியாவிட்டால் நட்டமுமில்லை என்ற கருத்தில் முடித்துவிடுகிறார். குர்ஆனுக்கு அத்தனை பெரிய விரிவுரை எழுதியவருக்குத் தெரியாது என்று எழுத வெட்கமில்லை. நமது ஊர்ப் பயான் மேடைகளுக்குத்தான் அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

பிள்ளைகளின் திருமணம் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதையைப் பாருங்கள். ஹவ்வா ஒவ்வொரு முறையும் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றார். ஒரு பிரசவத்து ஆண், மறு பிரசவத்துப் பெண்ணை மணந்தான். காபிலோடு பிறந்தவள் அழகி. அவளை ஹாபிலுக்குக் கொடுக்க மனமில்லாமல் காபில் கொலை செய்தான் என்பது அந்தக் கதை. தப்ஸீர் நூல்களில் இது அறிவிப்பாக வருகிறது. வேதமுடையோரிடமிருந்து வந்து சேர்ந்த இஸ்ராயீலிய்யாத் செய்திகளோடு வைத்து அறிஞர்கள் எடைபோட்ட ரகத்தைச் சேர்ந்தது இது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் குர்ஆன் அந்தக் கொலைக்குச் சொல்லும் பின்னணியில் பெண்ணே இல்லை. இருவர் குர்பான் கொடுத்தார்கள், ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை, ஏற்கப்படாதவன் கொன்றான். அவ்வளவுதான். மௌனத்தை நிரப்பப் போன நாம், உலகின் முதல் கொலைக்கு ஒரு பெண்ணின் அழகைக் காரணமாக்கிவிட்டோம்.

சுவனத்துக் கதையிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. ஸூரத்துல் அஃராபில் ஷைத்தான் இருவரையும் ஏமாற்றுகிறான். இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள். ஸூரத்து தாஹாவில் அவன் ஊசாட்டம் போடுவது ஆதமிடம். மாறு செய்தவராகப் பெயர் குறிப்பிடப்படுபவரும் ஆதமே. நமது பயான்களிலோ ஹவ்வா தனியாக ஏமாந்து, பிறகு கணவனை ஏமாற்றுகிறார். ஒரு வகுப்பில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள் என்பதைச் சொல்பவர் நினைத்துப் பார்ப்பதுண்டா?

சில வருடங்களுக்கு முன், தரம் எட்டில் படித்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். "ஆதம் நபிட புள்ளைகள் யாரக் கலியாணம் முடிச்ச சேர்?" என்று கேட்டாள். அதே கேள்விக்காக முந்திய நாள் பின்னேரம் ஓதற பள்ளியில் அவளை எழுப்பி, ஓதல் முடியும் வரை நிற்க வைத்திருக்கிறார்கள். குர்ஆன் அதைச் சொல்லவில்லை, தப்ஸீரில் இப்படியொரு செய்தி இருக்கிறது, உறுதியாக அல்லாஹ்வே அறிவான் என்று சொன்னேன். "அப்ப கேட்டது பிழையில்லையா சேர்?" என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பதிலைவிட இதுதான் தேவையாக இருந்தது.

மௌனத்தை நிரப்பும் ஆசை கதையோடு நிற்காமல் கப்றுகளையும் கட்டியிருக்கிறது. இராமேஸ்வரத்தில் ஹாபில், காபில் இருவருடையதென்று நீண்ட கப்றுகளைக் காட்டுகிறார்கள். சிரியாவில் டமஸ்கஸுக்கு அப்பால் ஸபதானிப் பள்ளத்தாக்கிலும் ஹாபிலின் கப்று இருக்கிறது. கொலையுண்ட ஒருவரை இரண்டு நாடுகளில் அடக்கியிருக்கிறோம்! நமது பாவா ஆதம் மலையும் இருக்கிறது. 1344ஆம் ஆண்டளவில் இப்னு பதூதா அதில் ஏறி, பாதச்சுவடு பதினொரு சாண் நீளம் என்று எழுதிவைத்தார். அவர் முன்னும் பின்னும் எத்தனையோ முஸ்லிம்கள் ஏறினார்கள். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். அந்த மலையை நான் குறைத்துப் பேசவில்லை. இத்தனை சமூகங்கள் ஒரே படிக்கட்டில் ஏறும் இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை உண்டு? நான் சொல்வது இவ்வளவே: ஆதம் அங்கே இறங்கினார் என்பது மரபு, வஹீ அல்ல. மரபை மரபென்று சொல்லிக் கொடுத்தால் மலையும் குறையாது, மார்க்கமும் குறையாது.

அந்த மலையின் அடிவாரப் பிரதேசத்தில்தான் பலாங்கொடை இருக்கிறது. பலாங்கொடை மனிதன் பற்றி நமது பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். குருவிட்டைப் பக்கத்து பட்டதொம்பலென, புளத்சிங்கள பாஹியன் ஆகிய குகைகளில் முப்பதாயிரம் வருடங்களுக்கும் முந்திய மனித எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அவர்களின் உயரம் ஏறத்தாழ நமது உயரம்தான். காலையில் இதைப் படிக்கும் பிள்ளை, ஆதம் நபி அறுபது முழம், அதன்பின் மனிதர் குறைந்துகொண்டே வந்தனர் என்ற ஹதீஸைப் பின்னேரம் கேட்கிறது. இரண்டையும் எப்படிச் சேர் சேர்த்துப் பார்ப்பது என்று கேட்டால் அதைக் குஃப்ர் என்பீர்களா? அப்படியானால் முதலில் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானியை விசாரியுங்கள். ஸமூது கூட்டத்தாரின் குடியிருப்புக்கள் அப்படி ஓர் உயரத்தைக் காட்டவில்லையே என்று இதே ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது அவரே கேட்டார். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பதில் தமக்கு இதுவரை கிடைக்கவில்லை என்றும் எழுதினார். 1449இல் மறைந்த அந்த ஹதீஸ்கலை மேதையின் ஈமான் போய்விடவில்லை. குர்ஆன் ஆதமுக்கு ஆண்டு குறிக்கவில்லை. குறிக்காத ஆண்டை நாமாகக் குறித்துக்கொண்டு விஞ்ஞான ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க என்ன தேவை?

இது நமக்கு மட்டுமான நோயல்ல. 1925இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், பரிணாமம் படிப்பித்தார் என்று ஓர் ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. பைபிளுக்காக வாதாடிய பிரையனிடம், காயீனுக்கு மனைவி எங்கிருந்து கிடைத்தாள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் டரோ கேட்டார். அவளைத் தேடும் வேலையைச் சந்தேகவாதிகளிடமே விட்டுவிடுகிறேன் என்றார் பிரையன். கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான். ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

"பாமரர் குழம்பிவிடுவார்கள்" என்று சில உலமாக்கள் சொல்லக்கூடும். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை, ஆங்கிலக் கல்வியும் பெண்கல்வியும் வேண்டுமென்றபோதும் இந்தக் குழப்பப் பயத்தையே காட்டினார்கள். சமூகம் குழம்பவில்லை, படித்தது.

இனி, அந்தக் கதையின் தொடக்கத்தையே பாருங்கள். பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப் போவதாக அல்லாஹ் அறிவித்தபோது, இரத்தம் சிந்துபவரையா ஏற்படுத்தப் போகிறாய் என்று மலக்குகள் கேட்டார்கள். மனிதனைப் பற்றிய முதல் கேள்வி அது. கேட்டதற்காக அவர்கள் விரட்டப்படவில்லை. நீங்கள் அறியாததை நான் அறிவேன் என்ற பதிலும், அதன்பின் ஒரு பாடமும் கிடைத்தன. விரட்டப்பட்டவன் இப்லீஸ். அவன் விரட்டப்பட்டது கேள்வி கேட்டதற்காக அல்ல. நான் அவனைவிட மேலானவன், நான் நெருப்பு, அவன் களிமண் என்று பிறப்பைச் சொல்லிப் பெருமையடித்ததற்காக.

2018 மார்ச்சில் இந்த மாவட்டத்தில் நாம் கண்டதென்ன? தெல்தெனியப் பக்கத்தில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் ஒரு சிங்களச் சாரதி இறந்தார். அதையடுத்துத் திகனையில் தொடங்கிய நெருப்பு ஊரூராகப் பரவி வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தின்றது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். இரண்டு தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வதற்குச் சமமென்ற வசனம், ஆதமின் இரு மக்களின் செய்தியை அடுத்தே வருகிறது. காபிலின் மனைவி பெயரைச் சொல்லாத வேதம் இதை விடாமல் சொல்கிறது. பெயர்களில் நேரத்தைக் கழித்த நாம் இந்த வசனத்துக்கு எத்தனை பயான் ஒதுக்கினோம்? மலக்குகளின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் இன்றும் நாமே நிற்கிறோம்.

ஆகவே ஓதிக்கொடுக்கும் மௌலவிமாரிடமும் இஸ்லாம் பாடம் எடுக்கும் சக ஆசிரியர்களிடமும் நான் கேட்பது பெரிய விடயமல்ல. ஒரு செய்தியைச் சொல்லும்போது இது குர்ஆன், இது ஹதீஸ், இது தப்ஸீரில் வரும் அறிவிப்பு, இது ஊர் மரபு என்று பிரித்துச் சொல்லுங்கள். கேட்ட பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். நமது இமாம்கள் தீர்ப்புக்களின் முடிவில் "அல்லாஹு அஃலம்" என்று எழுதிவந்தார்கள். அந்த வார்த்தையைத் தரம் எட்டுப் பிள்ளையின் முன்னாலும் தயங்காமல் சொல்லுங்கள்.