வாங்கும்போது குறை, விற்கும்போது அருமையா?

“உற்பத்தி நின்றுபோன அரிய வண்டி, தேடினாலும் இனிக் கிடைக்காது.” பழைய கார் விற்பனை விளம்பரங்களில் இத்தகைய வாசகங்களை நாம் அடிக்கடிக் காண்கிறோம். வாசகம் பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. வண்டி கிடைக்காது என்று உரக்கச் சொல்பவர், அதன் முன்கண்ணாடியும் விளக்கும் கதவுத் தகடும் எளிதில் கிடைக்காது என்பதைச் சொல்வதில்லை. முதற்பாதியால் விலையை ஏற்றி, மறுபாதியை விழுங்கிவிடுகிறார். இதனை வியாபாரத் திறமை என்று நம்மவர்களும் பேசத் தொடங்கிவிட்டனர். மார்க்கம் இதற்கு வைத்திருக்கும் பெயர் மோசடி.

நம் நாட்டுச் சாலைகளில் இத்தகைய வண்டிகள் ஏராளம். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஹெரால்டு, பெங்களூரில் கண்ணாடியிழை உடலுடன் வந்த சிபானி டால்பின், இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா ஆகியவை பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஷெவர்லே கார்களின் இந்திய விற்பனை 2017 இறுதியோடு முடிந்தது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி ஓய்ந்தது. அதே 2022-இல் டாட்சனும் விடைபெற்றது.

இவை அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. அம்பாசடரின் இயந்திரம் எளிய அமைப்புடையது. அனுபவமுள்ள மெக்கானிக் எவரும் கழற்றிப் பூட்டிவிடுவார். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளும் கைகொடுக்கும். உற்பத்தியை நிறுத்தியபோதே, உதிரிபாகமும் பராமரிப்பும் தொடரும் என்று ஃபோர்டு உறுதியளித்தது. ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பிற்கால டீசல் வண்டி ஒன்றில், ஒரு சிறு கருவி பழுதானாலும் அதற்கு மாற்று கிடைக்கும்வரை வண்டி பட்டறையில் கிடக்க நேரிடும். ஆகவே எந்த வண்டிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்ற விவரமே இவ்வியாபாரத்தின் உயிர். அதை நன்கறிந்தவர் விற்பவர், அறியாதவர் வாங்குபவர். அந்த அறியாமையை விலையாக மாற்றுவதுதான் அநீதி.

உதிரிபாகம் கிடைக்காமை ஒரு குறையா என்று சிலர் வாதிடலாம். வணிகர்களின் வழக்கத்தில் பொருளின் மதிப்பைக் குறைப்பது எதுவோ அதுவே குறை என்பது ஃபிக்ஹு நூல்கள் தரும் அளவுகோல். அந்த அளவுகோலை அவர்களே தம் வாயால் ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் தம் ஷெவர்லே காரைத் தரகரிடம் கொண்டு செல்லட்டும். “நிறுவனமே போய்விட்டது, பாகம் கிடைக்காது, யார் வாங்குவார்?” என்று அவர் விலையை அடித்துக் குறைப்பார். அதே வண்டி அவர் கைக்கு வந்தபின் “அரிய வண்டி” ஆகிவிடுகிறது. வாங்கும்போது குறை, விற்கும்போது சிறப்பு! தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. தராசும் படியும் மட்டுமா அளவுகள்? நாவும் ஓர் அளவுகோல்தான்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததற்காக அவரை நபியவர்கள் கண்டிக்கவில்லை. மக்கள் பார்க்குமாறு அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். நிறுவனம் மூடப்பட்டது விற்பவரின் குற்றமன்று, அது மழை. ஈரத்தை அடியில் தள்ளி, மேலே மெருகு பூசிய தகட்டைக் காட்டுவதே குற்றம்.

“பார்த்துத்தானே வாங்கினார்? உள்ளது உள்ளபடி என்றுதானே விற்றேன்?” என்பது அவர்களின் கேடயம். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை ஷாஃபிஈ மத்ஹப், உயிருள்ள பிராணிகளில் விற்பவரே அறியாத மறைவான குறைகளுக்கு மட்டுமே ஏற்கிறது. காருக்கு அது பொருந்தாது. ஹனஃபி மத்ஹப் அந்நிபந்தனைக்கு அதிக இடம் தருகிறது. எனினும் அறிந்தே குறையை மறைப்பதற்கு அங்கும் அனுமதி இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் கூறப்படும் செய்தி பலரும் அறிந்ததே: குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் பங்காளி மறதியாக விற்றுவிட, அந்த வருவாய் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அந்தப் பேணுதல் என்றால், திட்டமிட்ட மௌனத்துக்கு என்ன பதில்?

“உண்மையைச் சொன்னால் வண்டி விலைபோகாது” என்பது அடுத்த வாதம். விலைபோகும், உரிய விலைக்குப் போகும். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தும் வியாபாரத்தில் பரகத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற நபிமொழியை நம்புகிறவர்கள் நாம்தாமே?

வாங்குவோரிடமும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். சிறிய கார் ஒன்றின் விலைக்குப் பெரிய ஆடம்பரக் கார் கிடைக்கிறதென்று, திருமண வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவதற்காகவே வாங்குவோர் உண்டு. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் காரின் அழகிய உடலுக்குள் பழைய வான்கார்டு இயந்திரத்தைச் சுமந்தது. சில ஆண்டுகளிலேயே மறைந்தது. வெளித்தோற்றத்துக்கு மயங்குவோருக்கு அது நல்ல பாடம். பழைமையின் மீதுள்ள உண்மையான விருப்பத்தால் ஒரு ஹெரால்டைப் பேணுபவரை நாம் குறை கூறவில்லை. குடும்பச் செலவைச் சுருக்கி, வட்டிக்கடன் பட்டு, வாகனத்தால் மதிப்புத் தேடுவதையே கண்டிக்கிறோம்.

நம் சமுதாய வணிகர்கள் செய்ய வேண்டியவை எளியவை. எந்தப் பாகம் கிடைக்கவில்லை, எது வேறு வண்டியிலிருந்து பொருத்தப்பட்டது, பதிவுச் சான்றின் 15 ஆண்டுக் காலம் எப்போது முடிகிறது என்பவற்றை எழுத்தில் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் படிவங்களைத் தாமதமின்றிச் சமர்ப்பியுங்கள். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மறைந்திருந்த குறை பின்னர் தெரிந்து, வாங்கியவர் திரும்பி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். குறையின் காரணமாகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கமே அவருக்கு வழங்கியிருக்கிறது.

நிறுவனங்கள் வரும், மூடப்படும். அவற்றின் வண்டிகளை விற்று நாம் உண்ணும் உணவு, நம் பிள்ளைகளின் உடலில் தங்கும். அது ஹலாலாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.