நாமே ஒளித்து நாமே கண்டெடுப்பதா?

ஒரு பாடலைப் பற்றி நூறு செய்திகளை அறிந்திருப்பது வேறு. அப்பாடலுக்குச் செவிசாய்ப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்திற்கு, லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் இசைக்குழுவின் இரசிகருள் பலர் சான்றாக நிற்கின்றனர். அக்குழு 1970-இல் பிரிந்தது. ஆயினும் அதன் வரிகளுக்குள் மறைபொருள் தேடுவோர் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அன்பின் மிகுதி என்று இதனை விட்டுவிடலாமா? கூடாது என்பதே நம் துணிபு.

1967-இல் வெளிவந்த ‘லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். தலைப்பிலுள்ள மூன்று சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து, இஃது எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளின் புகழ்ப்பாட்டு என்றனர். தம் சிறு மகன் ஜூலியன், பள்ளித் தோழி லூசியை வரைந்து கொணர்ந்த படமே பாடலுக்கு வித்து என்றார் ஜான் லெனன். எத்தனை பேர் நம்பினர்? அக்குழுவினர் அப்பொருளை உட்கொண்டதுண்டு. பால் மெக்கார்ட்னி அதை அவ்வாண்டே ஒப்புக்கொண்டார். அதனால் ஒரு குழந்தையின் ஓவியம் பொய்யாகிவிடுமா?

1969-இல், மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அவர் வேடத்தில் வேறொருவர் உலவுகிறார் என்ற வதந்தி அமெரிக்க மாணவரிடையே பரவிற்று. ‘அபே ரோடு’ இசைத்தட்டின் உறையில் அவர் வெறுங்காலுடன் நடப்பது பிணத்தின் அடையாளமாம். பின்னே நிற்கும் காரின் எண்ணில் காணும் 28, உயிரோடிருந்தால் அவருக்கு ஆகியிருக்கும் வயதாம். அப்போது அவருக்கு வயது 27! கணக்குத் தவறியும் நம்பிக்கை தளரவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்தது சிரிப்பிற்குரியதன்று. சார்லஸ் மேன்சன் என்பவன், அக்குழுவின் 1968-ஆம் ஆண்டு இசைத்தட்டைத் திருவெளிப்பாட்டின் 9-ஆம் அதிகாரத்தோடு பொருத்தி, இனப்போர் வருமென்ற முன்னறிவிப்பை அதில் ‘கண்டான்’. அவனைப் பின்பற்றியோர் இரண்டே இரவுகளில் ஏழு பேரைக் கொன்றனர். அப்போருக்கு அவன் சூட்டிய பெயர் ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’. அதுவோ, இங்கிலாந்தின் கேளிக்கைச் சந்தைகளில் சிறுவர் சறுக்கி விளையாடும் கோபுரத்தின் பெயர்!

மறைபொருள் தேடுவோர் அனைவரும் கொலைஞர் அல்லர். ஆயினும் வழி ஒன்றே: பாடலில் இல்லாததை நாமே ஒளித்துவைத்து, பின் நாமே கண்டெடுத்து மகிழ்வது.

கத்தோலிக்கராகிய நாமும் இக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லோம். 1970-இல் வெளிவந்த ‘லெட் இட் பி’ பாடலில் வரும் ‘மதர் மேரி’யை நம் தேவதாய் என்று உரிமை கொண்டாட நமக்கு ஆசை. மெக்கார்ட்னி கருதியதோ, 1956-இல், தமக்கு 14 வயதாயிருந்தபோது புற்றுநோயால் இறந்துபோன தம் அன்னை மேரியை. செவிலியராய்ப் பணிபுரிந்த அத்தாய், பின்னாளில் மகனின் கனவில் வந்து ஆறுதல் சொன்னார். தேவதாயை நினைந்து அப்பாடலைக் கேட்போரை அவர் தடுத்ததில்லை. நாமும் அவ்வாறு கேட்கலாம். ஆனால் ஒரு மகனிடமிருந்து அவன் தாயைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

உண்மைச் செய்தி பாடலுக்கு விளக்காகட்டும்; ஊகம் அதற்குத் திரையாக வேண்டாம். அடுத்தமுறை அப்பாடல் ஒலிக்கையில், நம் விருப்பங்களைச் சற்றே ஒதுக்கிவைத்து, தாயை இழந்த ஒரு மகனின் குரலுக்கு முதலில் செவிசாய்ப்போம்.