எமக்குப் பின் ஆர்?

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து பெற்றோரின் கைபிடித்து வெளியேறியவர்களில் உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் இருந்தனர். அப்பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள், பெற்றோர் தளர்ந்துவிட்டார்கள். "எங்கட கண் மூடினாப் பிறகு இவனை ஆர் பார்ப்பினம்?" என்ற கேள்வி வவுனியாக் கிராமங்களில் எம்மைத் துரத்துகிறது.

மாதக் கொடுப்பனவு அரிசி வாங்க உதவும். இரவில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காது. தூரத்துப் பெரிய விடுதியும் தீர்வல்ல. மணியடித்துச் சாப்பாடு, வரிசையில் குளிப்பு: அந்த வாழ்வு எப்படியென்று முகாமில் இருந்த உங்களுக்கு நாம் சொல்லவேண்டுமா?

ஊருக்குள்ளேயே ஒரு சிறு வீடு. நாலைந்து பேர், சம்பளம் பெறும் துணையாளர் இருவர், ஒரு கத்தரிப் பாத்தி, கோழிக்கூடு. செலவு அரசினுடையது. நாம் கேட்பது இதைத்தான்.

இது பிச்சையல்ல. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, சமூகத்துக்குள் வாழ்வதை இவர்களின் உரிமை என்கிறது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, வளர்ந்தோருக்கான குழு இல்லங்களுக்கு 'கரௌண்டா' என்ற திட்டத்தை வகுத்தது. (ஓர் இல்லத்தில் இருபது பேர் என்பது எமக்கு அதிகமாகவே படுகிறது.)

அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், ஊரில் இப்படி எத்தனை பேர், பெற்றோருக்கு என்ன வயது என்று எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுப்போம்.